பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததைப் பற்றியும், வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்புகள் இனி என்ன ஆகும் என்பதைப் பற்றியும் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், அதனால் ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய லேப்டாப்புகள் பெரும்பாலும் தேறாது என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில் "பழைய கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். யோசனை சரிதான், எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் அந்த வரியை நம்பி வேலையில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த படியில்தான், அதைப் பற்றித் தமிழில் யாரும் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அறந்தாங்கியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகமாகச் சொல்வது, "அண்ணே, லினக்ஸ் போட்டேன், லேப்டாப் செத்துப்போச்சு" என்பதுதான். திறந்து பார்த்தால் செத்துப்போன லேப்டாப் அபூர்வம். விசிறி சுற்றும், விளக்கு எரியும், கம்பெனி லோகோகூட வரும், அதற்கப்புறம் கறுப்புத் திரை, அல்லது ஆங்கிலத்தில் ஒரு வரி. இதில் பெரும்பாலானது பூட் ஆகும் இடத்தில், அதாவது சுவிட்சைப் போட்டதும் இயங்குதளம் எழும்பும் இடத்தில், உள்ள ஒரு செட்டிங்கில் சரியாகிவிடும். சில கடைகளில் இதைப் பார்த்ததுமே "மதர்போர்டு போயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நல்ல லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இப்படி நடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். சுமார் 2012 வரை வந்த லேப்டாப்புகளில் பயாஸ் என்கிற பழைய முறை. சுவிட்சைப் போட்டதும் அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்கே இருக்கும் குட்டி நிரலிடம் வேலையை ஒப்படைத்துவிடும், அவ்வளவுதான். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது புதிய லேப்டாப்புகளில் யுஇஎஃப்ஐ என்கிற முறை பரவலானது. இது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு சின்னப் பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, தேடி, அதற்குள் இருக்கும் பூட் கோப்பை எடுத்து ஓட்டும். பிரச்சினை என்னவென்றால் அந்தக் காலகட்டத்து லேப்டாப்புகள் இரண்டு முறையிலும் ஓடும். விண்டோஸ் ஒரு முறையில் ஏறியிருக்கும், லினக்ஸ் நிறுவ வைத்திருக்கும் பென் டிரைவ் இன்னொரு முறையில் பூட் ஆகும், லினக்ஸ் அந்த இன்னொரு முறையிலேயே ஏறிவிடும். டிஸ்க்கில் இரண்டும் பத்திரமாக இருக்கும், ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது. விண்டோஸ் காணாமல் போய்விட்டது என்று பதறி வருகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான்.

இதைத் தவிர்ப்பது சுலபம். லினக்ஸ் போடுவதற்கு முன்பே, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். லெகசி (பழைய பயாஸ் முறை) என்று இருந்தால் பென் டிரைவையும் லெகசியில் பூட் செய்யுங்கள், யுஇஎஃப்ஐ என்று இருந்தால் அதே முறையில் செய்யுங்கள். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று எழுதியிருக்கும், மற்றதில் இருக்காது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, இதை யாருமே சொல்லித் தருவதில்லை.

அப்புறம் பென் டிரைவ். இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) அப்படியே காப்பி பேஸ்ட் செய்துவிட்டு பூட் ஆகவில்லை என்று வருகிறார்கள். அது ஆகாது. ரூஃபஸ், எட்ச்சர், வென்டாய் மாதிரி ஒரு மென்பொருளால்தான் எழுத வேண்டும், மூன்றும் இலவசம். ரூஃபஸில் எழுதியது எடுக்கவில்லை என்றால் அதிலேயே டிடி மோட் என்று ஒன்று கேட்கும், அதைப் போட்டுப் பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம், பழைய லேப்டாப்புகளில் நீல நிற யுஎஸ்பி ஓட்டையில் செருகினால் பூட் நேரத்தில் சில சமயம் கண்டுகொள்ளாது, கறுப்பு ஓட்டைக்கு மாற்றினால் உடனே தெரியும். பூட் மெனுவுக்கான விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப், எஃப்2 இவற்றில் ஒன்றாக இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அணைந்திருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும். எந்த விசையை அழுத்தினாலும் நேராக விண்டோஸுக்கே போகிறது என்றால், பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். அது முழுதாக அணைவதில்லை, பாதி தூக்கத்தில் இருக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பயாஸுக்குள் (புது லேப்டாப்பிலும் தொடக்க செட்டிங் திரையை இப்படித்தான் சொல்கிறோம்) போய் எதையும் மாற்றுவதற்கு முன், விண்டோஸில் டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே நுழைந்த பல லேப்டாப்புகளில் இது நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். கையொப்பமுள்ள நிரலை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட் என்ற செட்டிங்கை மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கல்யாண ஃபோட்டோ, ப்ராஜெக்ட், கணக்கு வழக்கு எதையும் யாராலும் எடுத்துத் தர முடியாது, நானும் முடியாது என்றுதான் சொல்லியாக வேண்டும். முதலில் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், அப்புறம் கை வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் உங்கள் கட்டுரையில் கட்டம் கட்டிப் போட்டிருந்தால்கூட எத்தனையோ பேருக்கு உதவியாக இருந்திருக்கும்.

செக்யூர் பூட் என்றதும் அதை நிரந்தரமாக அணைத்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா போன்ற பெரிய லினக்ஸ்களில் ஷிம் என்ற ஒரு சின்ன நிரல் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தோடு வருகிறது, அதனால் செக்யூர் பூட் இயங்கும்போதே அவை ஏறும். ஆனால் பழைய ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு போட்டால் தகராறு வரும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறை இருந்த பழைய ஷிம்களைத் தடை செய்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கும் கணினிகளைத் தொடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் தொட்டது. "ஏதோ மிகப் பெரிய தவறு நடந்துவிட்டது" என்கிற பொருளில் ஒரு ஆங்கில வரியும் எஸ்பிஏடி என்ற நான்கு எழுத்தும் காட்டிவிட்டுப் பல நாடுகளில் லேப்டாப்புகள் நின்றுபோயின. அப்படி ஒரு செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைத் திறந்து, எல்லா அப்டேட்டும் போட்டுவிட்டு, மறுபடி இயக்கிப் பாருங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் புதிய ஐஎஸ்ஓவையே இறக்குங்கள்.

லினக்ஸ் பக்கமும் தவறு நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10இல் இருந்த ஒரு டிரைவர் சில லேப்டாப்புகளின் பயாஸ் செட்டிங்குகளை மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டது, யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யக்கூட முடியாமல் போனது. டிசம்பரில் அந்தப் பதிப்பை இறக்கும் வசதியை எடுத்துவிட்டு, அடுத்த ஜனவரியில் திருத்திய பதிப்பைக் கொடுத்தார்கள். நண்பர் யாரிடமாவது இருந்து வாங்கிய பழைய பென் டிரைவை வைத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பென் டிரைவ் பூட் ஆகிவிட்டது, மெனு வந்தது, என்டர் தட்டியதும் திரை கறுப்பாகிவிட்டது. இது தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்புகளில் சர்வசாதாரணம். உள்ளே லினக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், படம்தான் வராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி அந்த மெனுவுக்கு வந்து, என்டர் தட்டுவதற்குப் பதிலாக ஆங்கில 'இ' (e) விசையைத் தட்டுங்கள். சில வரிகள் தெரியும். லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசியில், குவையட் ஸ்ப்ளாஷ் என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு இடைவெளி விட்டு, நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்து அடித்து, எஃப்10 தட்டுங்கள். பெரும்பாலும் படம் வந்துவிடும், கொஞ்சம் மங்கலாக, பெரிய எழுத்துகளோடு. நிறுவி முடித்த பிறகு முதல் தடவை திறக்கும்போதும் இதையே செய்ய வேண்டியிருக்கலாம். உள்ளே போய் சரியான கிராஃபிக்ஸ் டிரைவரைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் இது தேவைப்படாது. கறுப்புத் திரையைப் பார்த்து டிஸ்ப்ளே மாற்றச் சொன்னார்கள் என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. இந்த ஒரு சொல் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அலைந்திருக்க வேண்டியதில்லை.

நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் சேட்டா மோட் என்ற இடத்தில் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும், அதை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் நேராக மாற்றிவிடாதீர்கள், நீலத் திரை வரும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் திறக்கும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் திறந்தால் அதுவே சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் நல்லபடியாக ஏறியது, பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் "பூட் ஆகும் டிரைவ் இல்லை" என்கிறது, அல்லது லினக்ஸே போடாத மாதிரி விண்டோஸுக்குப் போகிறது. இதுதான் என் அனுபவத்தில் ஆட்களை மிகவும் சோர்ந்துபோக வைக்கும் இடம், ஏனென்றால் நிறுவி முடிந்தது என்று திரையே சொல்லியிருக்கும். தவறு லினக்ஸில் இல்லை. சில லேப்டாப்புகளின் யுஇஎஃப்ஐ, லினக்ஸ் எழுதிவைத்த பூட் பதிவை மதிக்காது. அதற்குத் தெரிந்த ஒன்றிரண்டு இடங்களில் மட்டுமே கோப்பைத் தேடும், இல்லையென்றால் கையை விரித்துவிடும். க்ரப் என்கிற லினக்ஸ் பூட் நிரலை அந்தப் பொது இடத்திலும் ஒரு பிரதி போட்டுவிட்டால் போதும். டெபியனின் ரெஸ்க்யூ மோடில் இதைச் செய்யவா என்று அதுவே கேட்கும், உபுண்டு, மின்ட் என்றால் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென் டிரைவில் திறந்து பூட் ரிப்பேர் என்ற கருவியை ஓட்டலாம். வேறு சில லேப்டாப்புகளில் பயாஸுக்குள் ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் 'இந்தக் கோப்பை நம்பலாம்' என்று தேர்வு செய்யும் வசதி திறக்கும். அது வைக்கும் வரை அந்த மெனு மங்கலாகவே இருக்கும், கிளிக் ஆகாது. வைத்த பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள்.

க்ரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி வந்து நிற்பது வேறு கதை. பழைய முறையில் க்ரப்பின் முதல் துண்டு டிஸ்க்கின் தொடக்கத்திலும், மீதி லினக்ஸ் பார்ட்டிஷனிலும் இருக்கும். விண்டோஸுக்குள் போய், இடம் வேண்டும் என்று அந்தப் பார்ட்டிஷனை அழித்தாலோ நகர்த்தினாலோ முதல் துண்டு மீதியைத் தேடி நின்றுவிடும். அழிக்கவில்லை, எண் மட்டும் மாறியிருக்கிறது என்றால், எல்எஸ் (ls) என்று அடித்தால் பார்ட்டிஷன்களைக் காட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்து பூட் என்ற கோப்புறை எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை க்ரப்புக்குச் சொல்லிக்கொடுத்தால் திறந்துகொள்ளும். லினக்ஸை எடுத்துவிட நினைப்பவர்கள் முதலில் விண்டோஸின் பூட் நிரலைத் திரும்ப வைத்துவிட்டு அப்புறம் பார்ட்டிஷனை அழியுங்கள்.

பழைய லேப்டாப் என்பதால் இன்னொன்றும் உண்டு, உள்ளே இருக்கும் சின்னப் பட்டன் பேட்டரி. பத்து வருடம் ஓடியதில் அது காலியாகியிருக்கும். ஒவ்வொரு தடவை சார்ஜரைப் பிடுங்கி மாட்டும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், நாம் மாற்றிவைத்த பூட் செட்டிங்கும் பழையபடி ஆகிவிடும். நேற்று ஓடிய லினக்ஸ் இன்று ஓடவில்லை என்று வருவார்கள். தேதி தவறாக இருந்தால் லினக்ஸ் அப்டேட்டும் நிற்கும், பிரவுசரில் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்று காட்டும். மலிவான பேட்டரி, மாற்றினால் தீர்ந்தது. லினக்ஸ் போடுவதற்கு முன்பே பயாஸில் தேதி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நிஜமாகவே ஹார்டுவேர் கெட்டிருக்கும் நேரமும் உண்டு. பூட் ஆகும்போது இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு நின்றால், பெரும்பாலும் டிஸ்க்கில் உள்ள கோப்பு அமைப்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். மின்சாரம் போய்த் திடீரென அணைந்ததாலும் இது வரும், எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையில் சரிசெய்யலாம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, லைவ் லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்போதுகூட லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் புதிது வாங்கிய காலத்தைவிட வேகமாக ஓடும், இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

32 பிட் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமான செய்தி. பெரிய லினக்ஸ்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டுவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது, 12தான் கடைசி. 2013, 2014 வாக்கில் வந்த சில ஆட்டம் பிராசசர் லேப்டாப்புகள் இன்னும் விசித்திரம், பிராசசர் 64 பிட், யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். அவற்றில் பல லினக்ஸ்களின் பென் டிரைவ் மெனுவிலேயே தெரியாது. டெபியன் இதற்கு நெடுநாளாக வழி வைத்திருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் நம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்புகள் இன்றும் லட்சக்கணக்கான வீடுகளில் பரணிலோ பீரோ மேலேயோ இருக்கின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸை முதன்முதலாக நம் பிள்ளைகள் பார்த்ததே அவற்றில்தான். ஆரம்ப வருடங்களில் வந்த பலவற்றில் 2 ஜிபி ராம்தான், இன்றைய விண்டோஸ் அதில் நகராது, ஆனால் லுபுண்டு, எம்எக்ஸ், ஆன்டிஎக்ஸ் மாதிரி இலகுவான லினக்ஸ் போட்டால் தமிழில் தட்டச்சு செய்யலாம், பாடம் படிக்கலாம், பைத்தான் கற்கலாம். புது லேப்டாப் வாங்க முடியாத வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் எனக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இந்த பூட் விவகாரத்துக்கு என்றே சில வாரங்கள் இடம் ஒதுக்குங்கள், திரையில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்தியின் படத்தையும் போட்டு, பக்கத்தில் என்ன செய்வது என்று தமிழில் எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, கணியம் குழுவினர் 2012இலிருந்தே கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறார்கள், கேட்டால் நிச்சயம் உதவுவார்கள். இரண்டாவது, என் தொழிலில் இருக்கும் சக கடைக்காரர்களுக்கு. மதர்போர்டு என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை லைவ் பென் டிரைவில் பூட் செய்து பாருங்கள் அண்ணே, பத்து நிமிட வேலை.

வாசகர்களுக்கும் ஒன்று. கடைக்கு வரும்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், திரையில் வந்த வரியை ஃபோனில் படம் எடுத்து வாருங்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த மென்பொருளால் பென் டிரைவ் எழுதினீர்கள், இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர்,
அறந்தாங்கி.